கண்டக்டர் ஏற்றிய முட்டைகள்

என் சம்பந்தி எனக்கு இதுவரை ஒரே ஒரு நல்லதுதான் செய்திருக்கிறார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் எப்போதோ மறந்திருப்பேன்.

நான் ஒரு துணி ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் பாய்லர் பார்த்தவன். அவர் டவுன் பஸ்ஸில் அதே முப்பத்தெட்டு வருஷம் கண்டக்டர். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். இரண்டு பேரும் தனிக்கட்டை ஆனதும், மகளும் மாப்பிள்ளையும் எங்களைக் கொண்டுவந்து தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் ஒரு மேசை விசிறி. விசிறி யார் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் முதல் நாளே ஆரம்பித்துவிட்டது.

நான் வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஐந்து கோழிகளும் ஒரு சேவலும் கொண்டுவந்தேன். அவர் வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு விசிலும் கொண்டுவந்தார். சொத்து விஷயத்தில் நான்தான் பெரியவன்.

சேவலின் பெயர் சங்கு. எங்கள் ஆலையை மூடிய பிறகு ஷிப்டுச் சங்கு ஊதுகிற வேலையை அவன்தான் எடுத்துக்கொண்டான். அவன் கூவினால் மூன்று தெரு தள்ளி நிற்கிற சைக்கிளுக்கு ஸ்டாண்டு தானாக எடுத்துக்கொள்ளும். ஒருமுறை அவன் கூவியபோது, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த ஒருவருக்குக் கடைவாய்ப் பல் தானே கழன்று தட்டில் விழுந்தது. டாக்டர் வந்து சண்டை போட்டார். பல் போனது பற்றி அல்ல. வலிக்கவே இல்லை என்று அந்த ஆள் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அன்று காலை சொட்டு மருந்து விட்டு, உலகம் முழுக்கப் பஞ்சுப் பொதியாகத் தெரிந்த நேரத்திலும் நான் கொல்லைக்குப் போய்க் கோழிகளுக்குத் தவிடு பிசைந்து வைத்து, சங்குவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கொல்லைக் கதவு வழியாகவே தெருவுக்குப் போய் வண்டியில் ஏறினேன். கண் தெரியாவிட்டாலும் கடமையை விட்டவன் இல்லை நான்.

மறுநாள் மத்தியானம் கண்ணில் மூடியோடு வீடு திரும்பினால், சம்பந்தி வாசலிலேயே நிற்கிறார். கையைப் பிடித்து உட்கார வைத்தார். தன் கையாலேயே சூப்பு கொண்டுவந்து கொடுத்தார். ஆபரேஷன் ஆன உடம்பு, தெம்பு வேண்டும் என்றார். இரண்டு டம்ளர் குடித்தேன். உப்பு கொஞ்சம் கம்மி என்றேன். உண்மையில் உப்பு சரியாகத்தான் இருந்தது. பாராட்டினால் விசிறியைத் தன் பக்கம் திருப்பிவிடுவார் என்று அப்படிச் சொன்னேன்.

அடுத்த நாள் விடியவில்லை. அதாவது வெளிச்சம் வந்தது, வெயில் வந்தது. விடியவில்லை.

"சங்கு எங்கே?" என்றேன்.

சம்பந்தி தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "அது வந்து... முந்தாநேத்தே அறுத்துட்டேன், சம்பந்தி. நேத்து நீங்க குடிச்சீங்கல்ல."

"என்ன சொல்றீங்க?"

"நாலு மணிக்கே ஆரம்பிச்சுடுது. மனுஷன் தூங்க வேண்டாமா? அதான்."

என் மகள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சம்பந்தி அவளைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

கண்ணில் மூடி இல்லாதிருந்தால் அழுதிருப்பேன். டாக்டர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தும்மக் கூடாது, அழக் கூடாது, ஒரு மாதத்துக்கு. குடித்ததை விரலை விட்டு வாந்தி எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்கும் குனிய வேண்டும். ஆகவே செய்வதற்கு மிச்சமிருந்த ஒரே காரியத்தைச் செய்தேன். கோபப்பட்டேன். கோபப்படக் கூடாது என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. மகளை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் அவரிடம் நேராகப் பேசுவதில்லை.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி அடைக்கு உட்கார்ந்தாள். மேஸ்திரி என் ஐந்து கோழிகளில் மூத்தவள். மற்ற நாலும் எங்கே மேய வேண்டும், யார் முதலில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்பவள். அடைக்கு உட்கார்ந்த கோழியைப் பார்த்திருக்கிறீர்களா? இறகை உப்பிக்கொண்டு, இருந்ததைப் போல இரண்டு மடங்காகி, கிட்டே போனால் தொண்டைக்குள் உறுமும். கையை நீட்டினால் கொத்தும். தின்னாது, குடிக்காது, யாரையும் நம்பாது. அவளைப் பார்த்தபோது வீட்டில் எனக்குத் துணையாக ஒரு ஆள் கிடைத்தது போல இருந்தது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சேவல் போய்விட்டாலும் கோழி வயிற்றில் அவன் வித்து ஒரு பத்து நாள் இருக்கும். அந்தப் பத்து நாளில் இடுகிற முட்டை அவன் முட்டைதான். அதற்குப் பிறகு இடுவதெல்லாம் ஆம்லெட்டுக்குத்தான் ஆகும். ஆக, சங்கு வம்சத்துக்கு இந்த ஒரே அடைதான் வழி. கூடையிலிருந்து பொறுக்கிப் பதினொரு முட்டை எடுத்தேன். மேஸ்திரி உடம்புக்குப் பதினொன்றுதான் கணக்கு. பன்னிரண்டே அதிகம். அதில் ஒரே ஒரு சேவல் குஞ்சு வந்தால் போதும் எனக்கு.

ஆனால் அடைப்பெட்டி இருப்பது தரையில். நான் குனியக் கூடாது. மாப்பிள்ளை காலையில் டயர் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மிச்சம் யார்?

"உன் மாமனார்கிட்ட சொல்லும்மா," என்றேன் மகளிடம். "தினம் ஒரு தடவை கோழியைத் தூக்கி வெளியே விடணும். தீனி, தண்ணி, இருபது நிமிஷம். அப்புறம் அதுவே போய் உக்காந்துக்கும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

அவர் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "உங்கப்பாகிட்ட சொல்லும்மா. ஒரு நாளைக்கு ஆயிரம் பேரை ஏத்தி இறக்கினவன் நான். ஒரு கோழியை இறக்கி ஏத்தத் தெரியாதா எனக்கு?"

"இறக்கிறதைப் பத்திப் பயமில்லன்னு சொல்லு. ஏத்தறதைப் பத்தித்தான்."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்று சொல்லிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள்.

நான் கொல்லை வாசலில் நாற்காலி போட்டு, ஒற்றைக் கண்ணால் அவர் முதுகைக் கண்காணித்தேன். ஒரு விசில் அடிப்பார், மேஸ்திரி இறங்குவாள். சரியாக இருபது நிமிஷம் கழித்து இரண்டு விசில் அடிப்பார், ஏறிவிடுவாள். ஒரு வாரத்தில் மற்ற நாலு கோழியும் விசிலுக்கு வரிசையில் நிற்கப் பழகிவிட்டன. ஒருநாள் தெருவில் போன வேறொரு பஸ்ஸின் விசிலைக் கேட்டு ஐந்தும் ஓடிப்போய்க் கொல்லைக் கதவருகே நின்றன. இதிலெல்லாம் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுவே பெரிய எரிச்சல். கண்டிப்பாக எங்கேயோ ஏதோ தப்புப் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று உள்மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. என் உள்மனசு பாய்லரின் மீட்டர் மாதிரி, பொய் சொல்லாது.

இருபத்தோராம் நாள் குஞ்சுச் சத்தம் கேட்டது. இரண்டு. இருபத்திரண்டாம் நாளும் இரண்டுதான். இருபத்துமூன்றாம் நாள் காலை, மேஸ்திரி அந்த இரண்டையும் அழைத்துக்கொண்டு பெட்டியை விட்டு இறங்கிவிட்டாள். குஞ்சு நடக்க ஆரம்பித்துவிட்டால் தாய் இறங்கித்தான் ஆக வேண்டும். மிச்ச முட்டைக்காகக் காத்திருந்தால் பிறந்தது பட்டினி கிடக்கும். சம்பந்தி இரண்டு விசில் அடித்தார். நாலு தடவை அடித்தார். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"பதினொண்ணுல ரெண்டு போனா ஒன்பது," என்றேன் மகளிடம். அன்று அவளுக்கு லீவு. "ஒன்பதும் கூமுட்டையா? எடுத்துப் பாரு."

அவள் பெட்டியருகே உட்கார்ந்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "அப்பா, பதினாறு இருக்கு."

நான் பாய்லர்க்காரன். தண்ணீர் குறையும், கரி குறையும். தானாக ஏறுகிற பொருள் எதையும் நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. மெதுவாகத் திரும்பினேன். சம்பந்தி தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மொத வாரம் மட்டும்," என்றார். "தினம் ஒண்ணு ஏத்தினேன்."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினேன். "ஏன்யா?"

"இடம் இருந்திச்சு, சம்பந்தி."

"எங்கே இருந்திச்சு?"

"கொஞ்சம் நகர்ந்து உக்காந்தா இருந்திச்சு. பின்னாடி காலியாத்தான் இருந்திச்சு."

முப்பத்தெட்டு வருஷம் 'உள்ளே போங்க, உள்ளே போங்க, இடம் இருக்கு' என்று கத்திய வாய். நாற்பது பேர் உட்காருகிற வண்டியில் நூற்றைம்பது பேரை ஏற்றிய கை. அந்தக் கை ஒரு பெட்டியில் பதினொரு முட்டையைப் பார்த்தால் சும்மா இருக்குமா? கோழி உடம்பில் சூடு படுவது அடிவயிறு மட்டும்தான் என்று அந்தக் கைக்கு யார் சொல்வது? பதினெட்டு முட்டை வைத்தால் ஏழு வெளியே நிற்கும். கோழி சும்மா இருக்காது, முட்டையை உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு உள்ளே இருந்தது நாளைக்கு விளிம்பில். ஆக, பதினெட்டுக்கும் முறை போட்டு ஃபுட்போர்டு பயணம். முதலில் ஏறியவர்கள் அதிக நாள் தொங்கினார்கள், அதிகம் பேர் விழுந்தார்கள்.

"பதினொண்ணுக்குப் பதிலா பதினெட்டா வந்தா, உங்க மனசு ஆறும்னு நெனச்சேன்," என்றார்.

"என் மனசு ஆறிச்சா?"

"இல்ல போலிருக்கு."

மகள் ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி, நோயாளிகளின் தொண்டை பார்க்கிற டார்ச்சை ஒவ்வொரு முட்டைக்கும் அடியில் பிடித்தாள். பன்னிரண்டு கலங்கிக் கிடந்தன. நாலில் மட்டும் கறுப்பாக ஒன்று அசைந்தது. அந்த நாலிலும் பென்சிலால் தேதியும் நேரமும் எழுதியிருந்தது. மனுஷர் ஒவ்வொரு முட்டைக்கும் டிக்கெட் கொடுத்துத்தான் ஏற்றியிருக்கிறார். கடைசி நாலு நாளில் ஏறியவை. கணக்குப்படி இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டாம் நாள் இறங்க வேண்டியவை. இன்று இருபத்துமூன்று. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. வேறு அடைக்கோழி இல்லை. பத்து நாளைய வித்தும் தீர்ந்துவிட்டது. பிறந்த இரண்டும் பெட்டையாக இருந்து, இந்த நாலும் போனால் சங்கு போனான்.

சம்பந்தி ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டி எடுத்துவந்து, அதில் மேசை விளக்கைச் சொருகி ஏற்றினார். நல்ல வெளிச்சம். சூடுதான் இல்லை. மாப்பிள்ளை போன வருஷமே வீடு முழுக்க எல்.இ.டி. பல்பு மாற்றியிருந்தார். பழைய குண்டு பல்பு தேடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரையே மியூசியத்துக்குப் போகச் சொன்னாராம்.

இவ்வளவு நேரமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நாலு முட்டையையும் பனியனுக்குள் போட்டு, மேலே மப்ளரைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, சம்பந்தியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் போன ரூட்டு, ஊதிய விசில், விட்ட குறட்டை, அறுத்த சேவல் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் மகள் தெர்மாமீட்டர் கொண்டுவந்தாள்.

"வாயைத் திறங்கப்பா."

"வாய் வேலையா இருக்கு. வேற எங்கேயாவது வெச்சுப் பாரு."

மப்ளருக்குள் முட்டைக்கு நடுவே சொருகினாள். எடுத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். "தொண்ணூத்தொன்பதரை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அடைமுட்டைக்கு வேண்டிய சூடு மிகச் சரியாக அதுதான். அரை டிகிரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி மறுபடி பல்பு தேடப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் தெர்மாமீட்டர் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு. அவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, "எங்கேயும் கிடைக்கல சம்பந்தி," என்றதும் சரசரவென்று ஏறி நின்றது.

"மாமா," என்றாள் மகள். "அந்த நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிர்ல போடுங்க. அஞ்சு நாளைக்கு நீங்க எங்கேயும் போகக் கூடாது."

பாய்லர் வேலை தெரியாதவர்கள் நெருப்புப் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. குபீரென்று எரிகிற நெருப்பு ஒரு காசுக்குப் பிரயோசனமில்லை. ஒரே சீராக, இரவும் பகலும், முள் இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல் நிற்க வேண்டும். என் சர்வீஸில் நான் போடாத விறகில்லை, போடாத கரியில்லை. ஆனால் என் சம்பந்தியைப் போல நின்று எரிகிற ஒரு பொருளைக் கண்டதில்லை. எதிரே உட்கார்ந்து தேநீரை உறிஞ்சுவார், கால் டிகிரி. காலை ஆட்டுவார், கால் டிகிரி. விசிறியைத் தன் பக்கம் திருப்புவார், அரை டிகிரி. மிகவும் இறங்கிவிட்டால் மட்டும் மகள் கண்ணைக் காட்டுவாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னிக்கு அந்தச் சூப்பு நல்லாத்தானே இருந்திச்சு சம்பந்தி?" என்பார்.

"மாமா, சூப்பை அடிக்கடி எடுக்காதீங்க. முட்டை வெந்துடும்."

தூங்கும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். அவர் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டார். அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

நடுவில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாளும் வந்தது. மப்ளரோடும் முட்டையோடும் போனேன். சம்பந்தி பக்கத்திலேயே உட்கார்ந்து வழி முழுக்க, டிரைவர் தப்பான ரூட்டில் போகிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். நூறு வரைக்கும் ஏறிவிட்டது, ஜன்னலைத் திறந்து சமாளித்தேன். டாக்டர் கண்ணைப் பார்த்தார். "அழுதீங்களா?" என்றார். இல்லை என்றேன். "ரொம்ப நல்லது. சுத்தமா ஆறியிருக்கு. அழுதிருந்தா கெட்டுப்போயிருக்கும்," என்றார். அப்போது என் வயிற்றிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். டாக்டர் என்னைப் பார்த்தார். "பசி," என்றேன்.

வண்டியில் திரும்பி வரும்போது முதல் குஞ்சு என் தொப்புள் பக்கமாக வெளியே வந்தது. இருபத்தைந்தாம் நாள். டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் தாமதம்.

இருபத்தாறாம் நாள் இரண்டாவது. இருபத்தேழாம் நாள் மூன்றாவது. ஒவ்வொன்றும் காய்ந்து பஞ்சானதும் சம்பந்தி அதை இரண்டு கையாலும் வாங்கி, கொல்லைக்குக் கொண்டுபோய், மேஸ்திரி தன் இரண்டையும் இறக்கைக்குள் வைத்துக்கொண்டு அசந்திருக்கிற நேரம் பார்த்து, மெதுவாகப் பின்பக்கமாக உள்ளே தள்ளுவார். இந்தத் தடவை உண்மையிலேயே இடம் இருந்தது. மேஸ்திரி அவர் மணிக்கட்டில் ரத்தம் வரக் கொத்துவாள். அவர் கையை இழுக்கமாட்டார். குஞ்சு உள்ளே போகிற வரை கொத்து வாங்கிக்கொண்டு, "ரைட், ரைட்," என்று குசுகுசுப்பார். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் அவ்வளவு மோசமில்லையோ என்று ஒரு எண்ணம் வந்தது. உடனே அரை டிகிரி இறங்கிவிட்டது.

இந்த ஆபத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சம்பந்தி, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்னை நீங்க—"

"மாமா!" என்று மகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இன்னும் ஒரு முட்டை இருக்கு. நாளைக்கு ராத்திரி வரைக்கும் யாரும் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கக் கூடாது."

"அதில்லம்மா, அவரு பாவம்—"

"பாவம் பாக்காதீங்க. வேணும்னா போய் விசில் அடிச்சிட்டு வாங்க."

இருபத்தெட்டாம் நாள். நாலாவது முட்டையில் காலையிலேயே கடுகளவு ஓட்டை விழுந்தது. அதில் மூக்கு நுனி தெரிந்தது. அதோடு நின்றுபோயிற்று. மத்தியானமாகியும் ஓடு விரியவில்லை. மகள் டியூட்டி முடிந்து வந்து தெர்மாமீட்டரைச் சொருகினாள். தொண்ணூற்றேழரை.

"அப்பா, என்ன பண்றீங்க? கோபப்படுங்க."

"படறேன்மா. பிடிக்க மாட்டேங்குது."

உண்மையாகத்தான் சொன்னேன். ஐந்து நாளாக எரித்ததில் எல்லாம் சாம்பலாகிவிட்டது. சம்பந்தி உறிஞ்சினார், ஒன்றும் ஆகவில்லை. காலை ஆட்டினார், மூட்டு வலி போலிருக்கிறது, முகம் சுளித்தார், எனக்கு இரக்கம் வந்துவிட்டது. தொண்ணூற்றேழு. "அந்தச் சூப்பு..." என்று ஆரம்பித்தார், அவர் குரலே உடைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூற்றாறரை. முட்டைக்குள் இருந்தவன் ஒரே ஒரு தடவை முனகினான். பிறகு சத்தமில்லை.

மகள் அந்த ஓட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க மாமா," என்றாள்.

"வேண்டாம்மா. சொல்லாதே," என்றார் அவர்.

"அப்பா, சங்குவை மாமா கூவுச்சுன்னு அறுக்கல. நாய் கடிச்சிடுச்சு. மாமா சத்தம் கேட்டு ஓடறதுக்குள்ள கழுத்து பாதி போயிடுச்சு. கோழி அஞ்சும் மூலையில நின்னிருக்கு, இது முன்னாடி நின்னிருக்கு. அஞ்சுக்கும் ஒரு இறகு கூடப் போகல. மாமா அது மூஞ்சியில தண்ணி தெளிச்சு, மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. தாங்காம துடிக்குதேன்னுதான் கடைசியில அறுத்தாரு."

"நாய் எப்படி உள்ளே வந்திச்சு?"

அவள் என் மப்ளரின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"கேக்கறேன்ல? கொல்லைக் கதவை யாரு திறந்து போட்டது?"

"அன்னிக்குக் காலையில அந்த வழியா யாருப்பா போனது?"

நான் யோசித்தேன். பஞ்சுப் பொதி. தவிடு. இரண்டு வார்த்தை. கதவைத் தள்ளியது ஞாபகம் இருந்தது. சாத்தியது ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடியும் அந்தத் தாழ்ப்பாள் என் கைக்கு அகப்படவே இல்லை.

"டாக்டர் அழக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரே," என்றார் சம்பந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "விஷயம் தெரிஞ்சா நீங்க அழுவீங்க. கண்ணு போயிடும். கோபப்படலாமா கூடாதான்னு மருமக கிட்ட கேட்டேன். அதைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னா. அதான் என் மேலயே போட்டுக்கிட்டேன்."

தெர்மாமீட்டரை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வெடித்திருக்கும். பாய்லருக்குப் பக்கத்தில் நின்றே ஆயுள் கழிந்தது, ஆனால் நெருப்பு என் பக்கம் திரும்பி முகத்தைப் பார்த்தது அன்றுதான். காது மடல் எரிந்தது. மப்ளரிலிருந்து ஆவி வந்தது என்று மகள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டுவதற்கு ஆள் வேண்டுமே? அறையில் இருந்த மூன்று பேரில் குற்றவாளி ஒருவன்தான். அவனை அன்றுவரை நான் மிகவும் நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மப்ளருக்குள் படீரென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடு இரண்டாகப் பிளந்து, ஈரமும் கோபமுமாக ஒருவன் வெளியே வந்தான். வந்ததும் என் வயிற்றில் கொத்தினான். பிறந்த குஞ்சில் சேவலா பெட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் சொன்னேன்.

அவனுக்கு இப்போது நாலு மாதம் ஆகிறது. போன வாரம் முதல்முறையாகக் கூவினான். பாதிச் சங்குதான், நடுவில் உடைந்துபோயிற்று. ஆனாலும் பல் டாக்டர் வீட்டில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டதாகக் கேள்வி. அவன் கூவியதும் பக்கத்துக் கட்டிலில் சம்பந்தி எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியிலிருந்து விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார்.

நான் இப்போது மறுபடியும் அவரிடம் நேராகப் பேசுவதில்லை. ஒரு மனுஷன் நாலு வாரம் என் வாயில் விழுந்து எழுந்தான். ரூட்டு, விசில், அப்பன், பாட்டன் எல்லாவற்றையும் இழுத்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'கதவைத் திறந்து போட்டது நீதான்யா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை எப்படி மன்னிப்பது? சேவலை அறுத்ததாக இருந்தால் ஒரு வருஷத்தில் மன்னித்திருப்பேன். முட்டையைக் கெடுத்ததை ஆறு மாதத்தில்.

"உங்கப்பாகிட்ட கேளும்மா," என்றார் இன்று காலை, விசிறியைக் காட்டி. "அவர் பக்கம் திருப்பட்டுமா?"

"அவர் பக்கமே இருக்கட்டும்னு சொல்லு," என்றேன். "நான் கதவைச் சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வரேன்."

"இப்பத்தானேப்பா பாத்துட்டு வந்தீங்க?"

ஆமாம். அதற்கு முன்னாலும் ஒரு தடவை பார்த்தேன். போய் மறுபடி தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். அதற்குள் விசிறி என் பக்கம் திரும்பியிருந்தது. திருட்டுக் கண்டக்டர்.